கொழும்பு ஓட்டத்துக்கு ஒரு பழைய ஸ்போர்ட் ஹட்ச்பக்: எதை வாங்கி, எந்த அளவுக்கு மாற்றுவது?

மரைன் டிரைவ் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நீண்ட காலமாக இங்கே வாசிப்பவனாக மட்டுமே இருந்தேன். இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன், கோட்டையில் வேலை செய்கிறேன். ஏழு வருடங்களாக ஓட்டிய அல்டோவைச் சென்ற மாதம் விற்றுவிட்டேன். அடுத்ததாக, ஓட்டும்போது கொஞ்சமாவது உற்சாகம் தரக்கூடிய, கையால் கியர் மாற்றும் சிறிய ஹட்ச்பக் ஒன்றை வாங்கி, காலப்போக்கில் அதன் வலுவைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது தள்ளிப்போட்ட ஆசை இது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கினால் பழைய வாகனங்களின் விலை சரியும் என்று காத்திருந்தேன். வரியைக் கூட்டிப் பார்த்த பிறகு, இங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தேடுவதுதான் எனக்குக் கட்டுப்படியாகும் என்று தெரிந்துவிட்டது.

வாங்குவதற்கும் பின்னர் செய்யும் மாற்றங்களுக்கும் சேர்த்து, லீசிங் இல்லாமல், 70 இலட்சம் வைத்திருக்கிறேன். இதுவரை மூன்றை நேரில் பார்த்தேன். ஒன்று 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லட் கிளான்சா வி. இரண்டாவது 2012ஆம் ஆண்டு சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், அதாவது இசட்.சி. 32 எஸ். என்ற மாடல். மூன்றாவது 2008ஆம் ஆண்டு மிட்சுபிஷி கோல்ட் வேர்ஷன் ஆர். மாமா ஒருவர் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.தான் வாகனம், மற்றவை விளையாட்டுச் சாமான்கள் என்கிறார். வார நாட்களில் காலி வீதியின் நெரிசலிலும், மாதத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் வரையிலும் இதைத்தான் ஓட்டப் போகிறேன். மனைவியும் மூன்று வயது மகளும் பெரும்பாலும் உடன் வருவார்கள்.

கிளான்சாவைக் காட்டிய கராஜில், டர்போ இயந்திரத்துக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, கூட்டும் ஒரு பூஸ்ட் கொன்ரோலரும் பெரிய சைலன்சரும் போட்டுவிட்டால் ஒரே நாளில் 30, 40 குதிரைவலு கூடிவிடும் என்றார்கள். அது உண்மையா? உண்மையானால் ஏன் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை? இந்த மூன்றில் எதை வாங்குவது, மாற்றங்களை எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை கிளச்:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், கிளான்சாவை எடுங்கள். 1.3 லீட்டர் இயந்திரத்துக்குத் தொழிற்சாலையே 135 குதிரைவலு கொடுத்திருக்கிறது. வண்டியின் எடையோ 950 கிலோவுக்கும் குறைவு. உதிரிப்பாகம் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தையில் அரை நாள் நடந்தால் கிடைத்துவிடும், ஸ்டார்லட்டைத் தெரியாத மெக்கானிக் கொழும்பில் இல்லை. டர்போ இல்லாத ஸ்விஃப்ட்டில் எவ்வளவு காசைக் கொட்டினாலும் சத்தம்தான் கூடும். கராஜில் சொன்னது சரியே; என் நண்பர்கள் இருவர் பூஸ்ட் கொன்ரோலரோடுதான் ஓடுகிறார்கள், இதுவரை ஒரு குறையும் இல்லை.

பேஸ்லைன் டர்போ:

மேலே எழுதிய நண்பர் கிளான்சாவைப் பற்றிச் சொன்னதில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். மற்றப் பாதியால்தான் ஒரு இயந்திரத்தை இழந்தேன். எனவே கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

பத்து வருடங்களுக்கு முன் என்னிடமும் ஒரு கிளான்சா இருந்தது. கராஜ் ஒன்றில், பெயர் வேண்டாம், இப்போது மூடிவிட்டார்கள், உங்களுக்குச் சொன்ன அதே யோசனையை எனக்கும் சொன்னார்கள். அந்த வண்டியில் பூஸ்ட் ஓர் எல்லையைத் தாண்டினால் இயந்திரத்தை இயக்கும் கணினி பெற்றோலை நிறுத்திவிடும். ஓட்டுபவருக்கு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததைப் போல இருக்கும். அந்தத் தொல்லையைப் போக்க இன்னொரு சிறு பெட்டியையும் பொருத்தினார்கள். அந்தப் பெட்டி செய்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சர் அனுப்பும் செய்தியை ஓரளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, கணினிக்குப் பொய் சொல்வது. பூஸ்ட் உண்மையில் ஏறிக்கொண்டே போகும். கணினியோ அது ஏறவில்லை என்று நம்பி, பழைய அளவுக்கே பெற்றோலைத் தெளிக்கும், பிளக் தீப்பொறியின் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளாது. காற்று அதிகம், பெற்றோல் குறைவு, பொறி முந்திவிடுகிறது என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிலிண்டருக்குள் எரிய வேண்டியது வெடிக்கிறது. அதைத்தான் நொக்கிங் என்கிறோம்.

முதல் மூன்று மாதங்கள் சொர்க்கம்தான். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறும் வளைவில், மூன்றாம் கியரில் கால் முழுவதும் அழுத்தியிருந்தபோது, தகரப் பேணிக்குள் சின்னச் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை இரண்டு விநாடி கேட்டது. காலை எடுத்தேன். அதற்குள் பின்கண்ணாடியில் நீலப் புகை. வீட்டுக்கு இழுத்து வந்து சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்த்ததில், மூன்று சிலிண்டர்களில் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டிய மானி நான்காவதில் 60ஐத் தாண்டவில்லை. அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதைப் போல நுண்ணிய பளபளப்பான புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். இயந்திரத்தின் தலையைத் திறந்து பார்த்தால், பிஸ்டனில் வளையங்கள் உட்காரும் விளிம்பு ஒரு நகக்கண் அளவுக்கு உடைந்து போயிருந்தது. இப்போது யாராவது வலு கூட்டிய டர்போ வண்டியைப் பார்க்கச் சொன்னால், நான் முதலில் கேட்பது பிளக்குகளைக் கழற்றிக் காட்டும்படிதான்.

ஒரே நாளில் வலுவைக் கூட்ட முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். எல்லோரும் ஏன் செய்வதில்லை என்றால், செய்தவர்களில் பலர் பிறகு அந்த வண்டியை விற்றுவிடுகிறார்கள். நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஒன்றாகவும் இருக்கலாம். கொன்ரோலரைக் கழற்றிவிட்டு விற்பது வழக்கம். பொனட்டைத் திறந்ததும் டர்போவின் பக்கமாகப் போகும் மெல்லிய ரப்பர் குழாய்களைப் பாருங்கள்: எல்லாம் இருபத்தைந்து வருடப் பழைமையோடு இறுகியிருக்க, ஒன்றிரண்டு மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ, ஓட்டுநர் பக்க டாஷ்போர்டில் பொருத்தமில்லாத திருகாணித் துளை இருந்தாலோ, கேட்க வேண்டிய கேள்வி உண்டு.

அடுத்தது வெப்பம், பெற்றோல் ஆகிய இரண்டும். ஜப்பானிய ஸ்போர்ட் வண்டிகளெல்லாம் அந்த நாட்டின் பிரீமியம் பெற்றோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பிரீமியத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஒக்டேன் அளவே, அதாவது நொக்கிங்கைத் தாங்கும் அளவே, 96; விற்பனையாவது பெரும்பாலும் அதைவிட உயர்ந்தது. இங்கே சாதாரணமாக நாம் போடக்கூடிய உயர்ந்த அளவு 95. அதாவது, ஒரு மாற்றமும் செய்யாத நிலையிலேயே நாம் தொழிற்சாலை எதிர்பார்த்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிறோம். இதற்கு மேல் கொழும்பின் வெப்பம். கிளான்சாவின் இன்டர்கூலர் இயந்திரத்தின் தலைக்கு மேலேயே படுத்திருக்கிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டால், காற்றைக் குளிர்விக்க வேண்டிய அந்தப் பெட்டியே தோசைக் கல்லைப் போலக் காய்ந்திருக்கும். உள்ளே போகும் காற்று 15 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேறினால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வலு குறைவது ஒருபுறமிருக்க, சூடான காற்று நொக்கிங்கையும் அழைத்து வருகிறது. இங்கிலாந்திலோ ஜப்பானிலோ ஒருவர் இதே வண்டியில் இவ்வளவு பூஸ்ட்டை வைத்து ஓடுகிறார் என்று காணொளியில் பார்த்துவிட்டு அதை அப்படியே இங்கே வைப்பது, நுவரெலியாவில் போடும் கம்பளிச் சட்டையை வெள்ளவத்தையில் போடுவதைப் போன்றது.

ஆகவே வலுவைக் கூட்டுவதற்கு முன், தொலைந்துபோன வலுவை மீட்டெடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பெயர்ப்பலகையில் 135 என்று இருந்த இயந்திரம் இருபத்தெட்டு வருடம் ஓடிய பிறகும் 135 தரும் என்று நினைக்காதீர்கள். என் இரண்டாவது இயந்திரத்தைப் போட்ட பிறகு, ஒரு புதிய மெக்கானிக்கைப் பிடித்து, எதையும் புதிதாகச் சேர்க்காமல் பழையதை மட்டும் சரிசெய்யச் சொன்னேன். டர்போவின் வாயை அடைத்துக் காற்றுப் பம்பியால் குழாய்களுக்குள் அழுத்தம் கொடுத்துச் சவர்க்கார நீரைத் தெளித்துப் பார்த்தார். நான்கு இடங்களில் நுரை பொங்கியது. அத்தனை நாளும் டர்போ சுழன்று அழுத்திய காற்றில் ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெற்றோல் பம்பி களைத்துப் போயிருந்தது, வடிகட்டி எப்போது மாற்றியதோ தெரியாது, ஒட்சிசன் சென்சர் தூங்கிக்கொண்டிருந்தது, புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிஸ்ட் பாதி உருகி அடைத்துக்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் மாற்றிய பிறகு, தொழிற்சாலை பூஸ்ட்டிலேயே ஓடிய அந்த வண்டி, முன்னர் பூஸ்ட்டைக் கூட்டி ஓடியதைவிட எனக்கு வேகமாகத் தெரிந்தது. இது வெறும் உணர்வுதான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன், ஏனென்றால் நான் வண்டியை வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை. நீங்கள் ஏற்றுங்கள், வண்டியை வாங்கியவுடன் ஒருமுறை, ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் ஒருமுறை, எப்போதும் அதே டைனோவில். வெவ்வேறு இடத்து டைனோக்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. சக்கரத்தில் அளக்கும் வலு, கியர்பெட்டியின் இழப்பு போக, விளம்பரத்தில் உள்ள எண்ணைவிடக் குறைவாகத்தான் காட்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதை வாங்குவது. உங்களுக்கு மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கிளான்சாவுக்கு மூன்று கதவுகள்தான். மழையில் முன் ஆசனத்தை மடித்துக் குழந்தையைப் பின்னால் ஏற்றி இறக்கிப் பார்த்தால் மனைவியின் தீர்ப்பு என்னவென்று தெரிந்துவிடும். தினசரி ஒரே வண்டியாக ஓட்டப் போகிறீர்கள் என்பதால் என் தெரிவு ஸ்விஃப்ட் ஸ்போர்ட். எம் 16 ஏ இயந்திரம், 1.6 லீட்டர், 136 குதிரைவலு, ஆறு கியர், ஏறக்குறைய 1,050 கிலோ. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் காலத்துக்குக் காலம் மாற்றும் கவலையும் இல்லை. கிளான்சாவிலும் கோல்ட்டிலும் பெல்ட்தான், எப்போது மாற்றியது என்பதற்குச் சான்று கிடைக்காவிட்டால் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். அந்த ஸ்விஃப்ட் சி.வி.டி. எனும் தன்னியக்கக் கியர்பெட்டியோடும் வந்தது, அதை வாங்கிவிட்டு வலுவைக் கூட்ட நினைக்காதீர்கள்.

ஸ்விஃப்ட்டில் வலு கூடாது என்று நண்பர் சொன்னது பெருமளவு உண்மை. டர்போ இல்லாத இயந்திரம், அழுத்த விகிதம் ஏற்கெனவே ஏறக்குறைய 11, தொழிற்சாலை பிழிய வேண்டியதைப் பிழிந்துவிட்டது. காற்று உள்ளே போகும் வழி, எக்சோஸ்ட் குழாய்த் தொகுதி, கணினியின் நிரலைத் திருத்தி எழுதுவது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தாலும் பத்துப் பதினைந்து குதிரைவலுவைத் தாண்டுவது அரிது. ஆனால் 1,050 கிலோ வண்டியில் நல்ல டயரும் நல்ல பிரேக் பட்டைகளும் தரும் இன்பம் அந்தப் பதினைந்தைவிட மேலானது என்பது என் எண்ணம். தவிர, இந்த வண்டிகளில் பலவற்றைச் செலவு மிச்சம் என்று 92 பெற்றோலிலேயே ஓட்டியிருக்கிறார்கள். நொக் சென்சர் கேட்டுக்கொண்டே இருந்து பொறியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால் இயந்திரம் உடையாது, ஆனால் மந்தமாகிவிடும். 95ஐ ஊற்றி ஒரு தாங்கி ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்த பிரேக்கை விட்டுவிட்டதைப் போல இருக்கும் என்று சொல்லமாட்டேன், வித்தியாசம் தெரியும்.

கோல்ட் வேர்ஷன் ஆர் நல்ல வண்டி. 1.5 லீட்டர் டர்போ, வருடத்தைப் பொறுத்து 154 அல்லது 163 குதிரைவலு, கதவும் ஐந்து. வலுவைக் கூட்டுவதுதான் முதல் நோக்கம் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே அவை எண்ணிக்கையில் குறைவு. உடலின் சில பாகங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தெரியும். மூன்று வண்டிகளில் அதன் நிலைதான் மிக நன்றாக இருக்கிறது என்று நீங்கள் கண்டால், என் பேச்சை மறந்துவிட்டு அதையே எடுங்கள். இவ்வளவு பழைய வண்டிகளில் மாடலைவிட அந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

தெஹிவளை டி.எஸ்.ஜி.:

மாமாவின் கோல்ஃப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் தலைமுறை ஜி.டி.ஐ. வைத்திருக்கிறேன். 2.0 லீட்டர் டர்போ, 200 குதிரைவலு. கணினி நிரலை மட்டும் மாற்றி, வேறொன்றையும் தொடாமல், இந்தப் பட்டியலில் உள்ள எந்த வண்டியும் எட்டாத வலுவை இதில் எடுக்கலாம் என்பது உண்மை. எடை ஏறக்குறைய 1,400 கிலோ என்பதால், தொன்னுக்கு இவ்வளவு குதிரைவலு என்று கணக்குப் பார்த்தால் மாற்றம் செய்யாத நிலையில் கிளான்சாவோடும் கோல்ட்டோடும் தோளோடு தோள்தான் நிற்கும்.

ஆனால் இதை வாங்குபவர் மூன்றைத் தெரிந்து வாங்க வேண்டும். உயர் அழுத்தப் பெற்றோல் பம்பியை இயக்கும் கேம் தண்டுக்கும் பம்பிக்கும் நடுவே, விரல் நுனியளவு சிறிய கிண்ணம் போன்ற பாகம் ஒன்று இருக்கிறது. அதன் கறுப்புப் பூச்சு தேய்ந்து, பிறகு உலோகமே துளைந்து போனால், கேம் தண்டும் பம்பியும் சேர்ந்து போய்விடும். மூன்று திருகாணிகளைக் கழற்றினால் பார்த்துவிடலாம். பார்க்கவிடாத விற்பனையாளரிடம் விலையே பேச வேண்டாம். இரண்டாவதாக, பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதால், உள்வாங்கும் வால்வுகளின் முதுகைக் கழுவ எதுவுமில்லை. காலப்போக்கில் அங்கே கரி படிந்து மூச்சை அடைக்கும். மூன்றாவதாக, தானாகக் கியர் மாற்றும் ஆறு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியின் எண்ணெயை 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கொழும்பு நெரிசலில் நான் அதற்கு முன்னரே மாற்றிவிடுகிறேன்.

எனக்கு இந்த வண்டி பிடிக்கும். ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஏ9 வீதியில் போகிறவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. வவுனியாவைத் தாண்டி ஒரு சென்சர் போனால், கிளிநொச்சியில் ஸ்டார்லட்டுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் கிடைப்பது எனக்குக் கிடைக்காது.

நாரஹேன்பிட்டி வரிசை:

இயந்திரத்தைப் பற்றி அறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள்; நான் கடதாசிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இத்தகைய வண்டிகளில் இயந்திரம் மாற்றப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே டோர்ச் வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தரகர் அனுப்பிய படத்தை நம்ப வேண்டாம். இயந்திரமோ நிறமோ மாற்றப்பட்டிருந்தால் அது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாமல் விட்டதைப் பின்னர் நீங்கள் சரிசெய்யப் போனால், முந்தைய உரிமையாளர் எங்கிருந்தோ கையெழுத்துப் போட வர வேண்டியிருக்கும்.

கட்டலிஸ்ட்டை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போடும் யோசனையை யாராவது சொன்னால், அடுத்த புகைப் பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பரிசோதனைக்கு முதல் நாள் பழையதைப் பொருத்தி மறுநாள் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது வேலையற்ற வேலையாகத் தெரிகிறது. ஓசை கூடிய சைலன்சர்களைப் பொலிஸார் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. காப்புறுதியிலும் கவனம் வேண்டும்: செய்த மாற்றங்களைக் கடிதம் மூலம் அறிவித்து, அறிவித்ததற்கான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுப்பதற்குக் காரணமாகலாம்.

கொட்டாஞ்சேனை கிளச்:

பேஸ்லைன் அண்ணா எழுதியதை வாசித்துவிட்டு, நேற்று நண்பர் ஒருவரின் கிளான்சாவில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று சுத்தம், ஒன்றில் நீங்கள் சொன்ன புள்ளிகள் இருக்கின்றனவா இல்லையா என்று இருவருக்கும் தகராறு. கொன்ரோலரைத் தற்போதைக்குக் கழற்றிவிட்டோம். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: முறையாகச் செய்தால் கிளான்சாவில் வலுவைக் கூட்டவே முடியாதா?

பேஸ்லைன் டர்போ:

தாராளமாகக் கூட்டலாம். நான் எதிர்ப்பது வரிசை மாறுவதைத்தான். முதலில் இன்டர்கூலரை முன் பம்பருக்குப் பின்னால் காற்றுப் படும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெற்றோல் பம்பியும் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். பழைய டொயோட்டா கணினியின் நிரலை இன்றைய வண்டிகளைப் போல எளிதில் திருத்தி எழுத முடியாது என்பதால், அதன் இடத்தில் தனிக் கணினி ஒன்றைப் பொருத்தி, எக்சோஸ்ட்டில் காற்று, பெற்றோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் வைத்து, டைனோவில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு சுழற்சி வேகத்துக்கும் பெற்றோலையும் பொறியையும் அமைக்க வேண்டும். முழுப் பூஸ்ட்டில் காற்று, பெற்றோல் விகிதம் 12க்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்த பிறகே பூஸ்ட்டைத் தொடலாம். அப்போதும் அந்தச் சிறிய டர்போ ஓரளவுக்கு மேல் சூடான காற்றைத்தான் ஊதும். 150, 160 குதிரைவலு என்ற அளவோடு நின்றால் வண்டியும் நிற்காமல் ஓடும். கராஜில் சொன்ன ஒருநாள் வேலைக்கும் இதற்கும் செலவில் உள்ள இடைவெளியைப் பார்த்தால்தான், ஏன் எல்லோரும் குறுக்குவழியில் போகிறார்கள் என்பது விளங்கும்.

அந்தப் பிளக்கை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் பாருங்கள். கரி என்றால் மங்கலாக இருக்கும், அலுமினியம் மினுங்கும்.

மரைன் டிரைவ் பயணி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிளான்சாவின் பின் ஆசனத்தில் மகளை ஏற்றிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன தீர்ப்பு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கோல்ட்டின் அடிப்பாகத்தில், பின் சக்கர வளைவுக்குள், தாறு பூசி மறைத்த துரு இருந்தது. கடற்கரையோரம் நிறுத்தியிருந்த வண்டி என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். எங்கள் மாடிவீட்டு வாகனத் தரிப்பிடமும் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பதால் அந்தப் பயம் எனக்கு இன்னும் கூடிவிட்டது.

நுகேகொடையில் இருக்கும் ஸ்விஃப்ட்டை ஒரு மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். நாங்கள் போனபோதே பொனட் சூடாக இருந்தது. இயந்திர இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறது, ஆறு கியரும் மென்மையாக விழுகின்றன, ஐந்து கதவுகளின் ஓரங்களிலும் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருக்கிறது. ஆனால் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தபோது 190, 195, 190, 150 பி.எஸ்.ஐ. என்று வந்தது. விற்பவர் இது மானியின் குறை என்கிறார். மெக்கானிக் பேசாமல் இருக்கிறார். விலையில் மூன்று இலட்சம் குறைக்கத் தயார் என்கிறார்கள். வாங்கலாமா?

பேஸ்லைன் டர்போ:

மானியின் குறை என்றால் நான்கிலும் குறைந்திருக்கும்; ஒன்றில் மட்டும் நாற்பது குறையாது. ஆனால் இதை வைத்து வண்டியைத் தள்ளிவிடவும் வேண்டாம், மூன்று இலட்சத்துக்கு மயங்கவும் வேண்டாம். காரணம் தெரியாமல் அந்தக் கழிவுக்குப் பொருளில்லை: சின்ன வேலை என்றால் அது உங்களுக்கு இலாபம், பிஸ்டன் வரை போக வேண்டிய வேலை என்றால் அந்தப் பணம் போதாது.

மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். நான்கு பிளக்குகளும் கழற்றியிருக்க வேண்டும், பட்டரி நிறைந்திருக்க வேண்டும், பெற்றோல் தெளிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், ஒருவர் அக்சிலரேற்றரை முழுவதும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதே எண் வந்தால், குறைந்த அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெயை விட்டு மீண்டும் அளக்கவும். எண் 180ஐ நோக்கி ஏறினால் வளையங்களோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. அப்படியானால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 150இலேயே நின்றால் கோளாறு மேலே, வால்வுகளில் இருக்கலாம். வால்வின் இடைவெளி இறுகி அது முழுவதும் மூடாமல் இருந்தாலும் இப்படித்தான் காட்டும். அப்போது சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, அது எந்த வழியாகச் சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்: எக்சோஸ்ட் குழாயிலா, காற்று வடிகட்டியிலா, ரேடியேற்றரில் குமிழியாகவா. முதல் இரண்டும் என்றால் தலையை மட்டும் கழற்றிச் செய்யும் வேலை, அதற்கான மதிப்பீட்டை வாங்கி அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். மூன்றாவது என்றால் தலைக்குக் கீழே இருக்கும் கஸ்கட் போயிருக்கிறது. எத்தனை முறை கொதித்தது என்று தெரியாத இயந்திரத்தை நான் தொடமாட்டேன்.

என்னிடம் மானியும் காற்று அடைக்கும் கருவியும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நுகேகொடைக்கு வருகிறேன். விற்பவரிடம் இன்றே சொல்லி வையுங்கள், நாங்கள் வரும்வரை வண்டியை இயக்க வேண்டாம் என்று. அது குளிரில் எப்படிப் புறப்படுகிறது, முதல் மூச்சில் என்ன நிறத்தில் புகைகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சூடாக்கி அளக்க வேண்டும். போனவுடன் பொனட்டில் கை வைத்துப் பார்ப்பேன்.